நள்ளிரவில் ஓடிய மோட்டார்: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தோட்டத்து சென்சார்களைப் பற்றியவை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஒன்பது வருடமாக இந்தப் பெட்டிகளை மாட்டுவதும் கழற்றுவதும்தான் என் பிழைப்பு. அதனால் சமையல் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுபோல உற்சாகமாக உட்கார்ந்துவிட்டேன். நீளமாகப் போன இடங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மணி, எங்கள் தென்னந்தோப்பில் 14 மண் ஈரப்பத சென்சார்கள் இருக்கின்றன. லோராவான் வகை, அதாவது குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் தகவல் அனுப்பும் ரேடியோ. ஏழு சென்சாருக்கு பேட்டரி மாற்றினோம். மாற்றிய பிறகு அந்த ஏழிலிருந்தும் தகவலே வரவில்லை. பொருத்திக் கொடுத்தவர் லேப்டாப்பில் ஏதோ ஒரு டிக்கை எடுத்துவிட்டார். உடனே வர ஆரம்பித்துவிட்டது. "ஒண்ணுமில்லீங்க, செக்யூரிட்டி செட்டிங்தான்" என்றார். அந்த வார்த்தைதான் உறுத்துகிறது.
*தோப்பு உரிமையாளர், ஆனைமலை*

உறுத்த வேண்டிய வார்த்தைதான். அந்த டிக்கை நானும் ஒருமுறை எடுத்திருக்கிறேன், அதனால் அவரைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை.

உங்கள் சென்சார் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை எண் உண்டு. 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும். சர்வர் கடைசியாக வந்த எண்ணை நினைவில் வைத்திருக்கும். 5,210 வந்த பிறகு 5,209 வந்தால் தூக்கி எறிந்துவிடும். பால்காரர் நோட்டில் நேற்றைய தேதியை இன்று எழுத விடமாட்டோம் இல்லையா, அதே கணக்கு. பேட்டரியைக் கழற்றியதும் உங்கள் சென்சார் தன் எண்ணை மறந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. சர்வர் "இது பழைய செய்தி" என்று நிராகரித்தது. வந்தவர் "எண்ணைப் பார்க்காதே" என்று சர்வரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இதில் இரண்டு கெடுதல். முதலாவது சுலபமாகப் புரியும்: இனி பழைய செய்தியை யார் மறுபடி ஒலிபரப்பினாலும் சர்வர் புதிது என்று நம்பும். சாவி தெரிய வேண்டியதில்லை, மறைகுறியை உடைக்க வேண்டியதில்லை. காற்றில் வருவதைப் பதிவுசெய்து திரும்ப விட்டால் போதும்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கம். சென்சார் செய்தியை மறைக்கும் விதம் இப்படி: சாவி, சென்சாரின் முகவரி, அந்த வரிசை எண் மூன்றையும் வைத்து ஒரு ரகசிய எண்ணை உண்டாக்கி, அதைச் செய்தியோடு கலந்து அனுப்புகிறது. கூட்டல் என்று வைத்துக்கொள்வோம் (உண்மையில் பிட் கணக்கு, ஆனால் கதை இதேதான்). 40ஆம் செய்திக்கான ரகசிய எண் 57. மண் ஈரம் 31. காற்றில் போவது 88. கேட்பவனுக்கு 88ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பேட்டரி மாற்றிய பிறகு சாவி பழையதே, எண் மறுபடி 40க்கு வருகிறது. ரகசிய எண்ணும் மறுபடி அதே 57. இந்த முறை ஈரம் 24, காற்றில் 81. இரண்டையும் எழுதி வைத்தவன் கழித்துப் பார்க்கிறான்: ஏழு புள்ளி காய்ந்திருக்கிறது. சாவியே தெரியாமல்! அப்புறம் பாருங்கள், இரண்டில் ஏதாவது ஒரு நாள் நல்ல மழை பெய்திருந்தால், மண் ஈரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரியாதா? அந்த ஒன்று தெரிந்தால் 57 வெளியே வந்துவிடும்.

சரி, என் கதை. கோட்டூர் பக்கம் ஒரு தோப்பு. இதே பேட்டரி மாற்றம், இதே டிக். பதினோரு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒருநாள் மதியம் அங்கே இணையம் போய்விட்டது. அந்த கேட்வே (சென்சார் செய்திகளை வாங்கி இணையம் வழியாக சர்வருக்கு அனுப்பும் பெட்டி) நல்ல பிள்ளை. இணையம் இல்லாத நேரத்தில் வந்த செய்திகளையெல்லாம் பத்திரமாகச் சேர்த்து வைத்துக்கொண்டது. சாயங்காலம் மழை. இரவு இரண்டு மணிக்கு இணையம் வந்தது. "ஈரம் போதும்" என்ற புதுச் செய்தி முதலில் போனது. அதன் பின்னால், மதியம் சேர்த்து வைத்த "மண் காய்ந்திருக்கிறது" செய்திகள் ஒவ்வொன்றாகப் போயின. எண் சரிபார்ப்பு இருந்திருந்தால் அத்தனையும் வாசலிலேயே நின்றிருக்கும். டிக்கை எடுத்தவள் நான். மோட்டார் ஓடத் தொடங்கி விடியும்வரை ஓடியது. முந்தின நாள்தான் மரத்துக்கு மரம் பாத்தி எடுத்து உரம் வைத்திருந்தார்கள். காலையில் போனபோது பாத்திகளில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, அந்த வீட்டு ஆத்தா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. காபி மட்டும் கொடுத்தார்கள். திட்டியிருந்தால் தேவலாம்.

பாருங்கள், அன்று திருடனே இல்லை. திருடன் செய்யும் வேலையை ஒரு நல்ல கேட்வே தெரியாமல் செய்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: டிக்கைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். உங்கள் சென்சார்கள் ஏபிபி முறையில், அதாவது நிரந்தரச் சாவியோடு இருக்கின்றன என்று நினைக்கிறேன். அவற்றை ஓடிஏஏ முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அதில் பேட்டரி மாட்டும் ஒவ்வொரு முறையும் சென்சார் சர்வரோடு புதிதாக அறிமுகம் செய்துகொள்ளும். புதுச் சாவி பிறக்கும், எண் பூஜ்யத்தில் தொடங்கினாலும் பிழையில்லை. சென்சாரில் அந்த வசதி இல்லை என்று அவர் சொன்னால், எண்ணை நிரந்தர நினைவகத்தில் எழுதி வைக்கும் பர்ம்வேர் (சென்சாருக்குள் ஓடும் நிரல்) இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் எழுதினால் நினைவகம் தேய்ந்துபோகும். சாதாரண ஃபிளாஷ் நினைவகம் பத்தாயிரம் தடவைக்குத்தான் உத்தரவாதம். அதனால் நூறுக்கு ஒருமுறை எழுதிவிட்டு, பேட்டரி மாற்றியதும் நூறு தாண்டிக் குதித்துத் தொடங்குவார்கள். நடுவில் சில எண்கள் வீணாகும், போகட்டும்.

மேடம், ஏஇஎஸ் மறைகுறியாக்கம் போட்டால் பேட்டரி சீக்கிரம் தீராதா? எங்கள் கல்லூரி புராஜெக்டில் அதை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது.
*பொறியியல் மாணவி, கோவை*

எடுக்காதே கண்ணு. பேட்டரியைத் தின்பது கணக்கு இல்லை, ரேடியோ.

8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சாதாரணச் சில்லிலும், நன்றாக எழுதிய நிரல் ஒரு ஏஇஎஸ் கட்டத்தை (16 பைட் துண்டு) ஒரு மில்லிசெகண்டுக்குள் முடித்துவிடும். பல ரேடியோ சில்லுகளில் அது வன்பொருளாகவே வருகிறது. இப்போது ரேடியோ பக்கம் வா. லோராவானில் எஸ்எஃப் என்று ஒரு வேகப் படி உண்டு; எண் ஏற ஏற வேகம் குறையும், தூரம் கூடும். 10 பைட் தகவல் அனுப்ப, எஸ்எஃப் 7 வேகத்தில் காற்றில் இருக்கும் நேரம் சுமார் 62 மில்லிசெகண்ட். சிக்னல் பலவீனமாகி எஸ்எஃப் 12க்கு இறங்கினால் அதே 10 பைட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி. இருபத்து நாலு மடங்கு! நான் பார்த்தவரை தோப்புகளில் பேட்டரி சாவதற்குக் காரணம், ஆன்டெனாவைத் தரையோடு தரையாக, ஈர மட்டைக்கு அடியில் வைத்திருப்பது. அதை ஒரு ஆள் உயரம் தூக்கினால் மிச்சமாவது, மறைகுறியாக்கத்தை எடுத்தால் மிச்சமாவதைவிடப் பல மடங்கு.

பழைய அளவீடு ஒன்றும் இருக்கிறது. 2004இல் பெர்க்லியில் கார்லோஃப், சாஸ்திரி, வாக்னர் மூவரும் டைனிசெக் என்ற முறையை வெளியிட்டார்கள். 4 கிலோபைட் நினைவகம் உள்ள மைக்கா2 என்ற சென்சார் பெட்டிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். மறைத்தலும் முத்திரையும் (செய்தி உண்மையான ஆளிடமிருந்து மாறாமல் வந்தது என்று காட்ட, சாவியை வைத்துக் கணக்கிட்டுச் சேர்க்கும் சில பைட்) சேர்ந்து கூடுதல் ஆற்றல் செலவு பத்து சதவீதம். முத்திரை மட்டும் போதும் என்றால் மூன்று சதவீதம். அந்தச் செலவிலும் பெரும்பகுதி, செய்தி சில பைட் நீளமாவதால் வருவது.

உன் புராஜெக்ட் ஜிக்பீ மாதிரி 802.15.4 ரேடியோவில் (வீட்டுக் கருவிகள் பேசிக்கொள்ளும் குறுந்தூர வகை) என்றால் இன்னொன்றையும் யோசி. டெலோஸ்பி என்ற சென்சார் பெட்டியில் இருக்கும் சிசி2420 ரேடியோ சில்லு பேசும்போது 17.4 மில்லி ஆம்பியர் எடுக்கும், கேட்கும்போது 18.8. ஆமாம், பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம்! இரண்டு ஏஏ பேட்டரியில் 2,500 மில்லி ஆம்பியர்-மணி என்று வைத்தால், தூங்கவிடாமல் கேட்க வைத்தாலே ஐந்தரை நாளில் தீர்ந்துவிடும். குப்பைச் செய்தியாக அனுப்பி அனுப்பி பெட்டியைத் தூங்கவிடாமல் செய்வது ஒரு தாக்குதல் முறையே. முகப்பிலேயே முத்திரையைச் சோதித்துப் போலியைத் தள்ளி, உடனே தூங்கப் போகும் பெட்டி பிழைக்கும். உன் புராஜெக்டுக்கு அதுவே நல்ல தலைப்பு.

என் மண்ணில் எவ்வளவு ஈரம் என்று யாருக்கு என்ன அக்கறை? இதற்கெல்லாம் பூட்டு எதற்கு?
*ஒரு விவசாயி, உடுமலை*

படிக்கிறவனால் கெடுதல் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். எழுதுகிறவன்தான் பயம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மரூச்சி என்ற ஊராட்சி. கழிவுநீர் பம்ப் நிலையங்களை வயர்லெஸ்ஸில் இயக்கிக்கொண்டிருந்தார்கள். 2000ஆம் வருடம் பம்புகள் தாமாக நிற்கத் தொடங்கின. கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர், ஊராட்சியில் வேலை கேட்டுக் கிடைக்காத கோபம், காரில் ரேடியோவும் லேப்டாப்பும். சுமார் எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஆற்றிலும் ஓடியது. பம்புகள் "யார் சொல்கிறார்கள்" என்று கேட்கவில்லை, சொன்னதைச் செய்தன.

2017 ஏப்ரலில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நள்ளிரவை ஒட்டி 156 அபாயச் சங்குகள் ஒரே நேரத்தில் அலறின. அங்கேயும் வெளியிலிருந்து வந்த ஒரு ரேடியோ சிக்னல்தான்.

உங்கள் ஊரில் வாய்க்கால் முறைத் தண்ணீருக்கு எத்தனை சண்டை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வால்வைத் திறக்கச் சொல்லும் செய்தியில் முத்திரை இல்லாவிட்டால்... மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

அந்த முத்திரை வெறும் 4 பைட் என்கிறார்கள். வங்கியில் அதைவிடப் பெரிதாக இருக்கிறதே, இது போதுமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தாராபுரம்*

நல்ல கேள்வி சார். 4 பைட் என்றால் சுமார் 430 கோடி சாத்தியங்கள். சராசரியாகப் பாதியை முயன்றால் ஒன்று பொருந்தும். உங்கள் கணினியில் இருக்கும் கோப்பு என்றால் நொடியில் முடிந்துவிடும். ஆனால் இங்கே ஒவ்வொரு முயற்சியையும் காற்று வழியாக அனுப்பித்தான் பார்க்க வேண்டும். மைக்கா2வின் வேகத்தில் விநாடிக்கு 40 முயற்சி. பாதியை முடிக்க இருபது மாதத்துக்கு மேல். லோராவானும் இதே 4 பைட்தான், அதன் காற்று வேகம் இன்னும் மெதுவாகவே இருக்கும். இருபது மாதம் ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் சர்வர் பதிவேட்டில் தெரியாமலா போகும்? தெரியும், யாராவது பதிவேட்டைத் திறந்து பார்த்தால்.

எல்லா சென்சாருக்கும் ஒரே சாவி போட்டுவிட்டால் பராமரிப்பு சுலபம்தானே?
*சர்வீஸ் டெக்னீஷியன், திருப்பூர்*

நம் தொழில்காரர் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன். சுலபம். திருடனுக்கும் சுலபம்.

வயலில் கிடக்கும் பெட்டிக்குக் காவல் கிடையாது. ஒருவன் எடுத்துக்கொண்டு போய் நிதானமாக வீட்டில் வைத்துப் பிரிக்கலாம். ஒரு பெட்டிக்கு ஒரு சாவி என்றால், போனது அந்தப் பெட்டி மட்டும். சர்வரில் அதன் பெயரை நீக்கிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். ஒரே சாவி என்றால் நாற்பது பெட்டியையும் ஏறி இறங்கி மாற்ற வேண்டும்.

ஃபிலிப்ஸ் ஹியூ என்ற வயர்லெஸ் பல்பு கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016இல் எயால் ரோனென், அடி ஷமீர் முதலானோர் அந்தப் பல்பை எடுத்து, அது வேலை செய்யும்போது இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே, பர்ம்வேர் புதுப்பிப்புக்கான சாவியைக் கண்டுபிடித்தார்கள். அந்த மாடல் பல்பு எல்லாவற்றுக்கும் அதே சாவி. அதோடு நெறிமுறையில் இருந்த ஒரு பிழையையும் சேர்த்து, டிரோனில் கருவியைக் கட்டி 350 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு கட்டடத்தின் பல்புகளைக் கைப்பற்றிக் காட்டினார்கள். உள்ளே ஏஇஎஸ் இருந்தது. ஏஇஎஸ்ஸை யாரும் உடைக்கவில்லை.

பழைய ஜிக்பீ வீட்டுக் கருவிகளில் இன்னொரு வேடிக்கை. புதுக் கருவி வலையமைப்பில் சேரும்போது பயன்படும் பொதுச் சாவி, "ஜிக்பீஅலையன்ஸ்09" என்பது. ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள், சரியாக 16 எழுத்து, 128 பிட். உலகத்துக்கே தெரிந்த சாவி. சேரும் அந்த ஒரு நிமிடம் பக்கத்தில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் வலையமைப்பின் உண்மையான சாவியும் போய்விடும். புதிய கருவிகளில் பெட்டிக்குப் பெட்டி தனி இன்ஸ்டால் கோட் (சேரும்போது மட்டும் பயன்படும் ரகசிய எண்) வருகிறது, அதைச் சோம்பல்படாமல் பயன்படுத்துங்கள்.

இதைச் சொல்லும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டிக்குப் பெட்டி தனிச் சாவி வாங்கி, அந்தச் சாவி ஸ்டிக்கர்களையெல்லாம் போட்டோ எடுத்து, மறக்காமல் இருக்க எங்கள் சர்வீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குழுவில் 60 பேர். அதில் இரண்டு பேர் யாரென்றே எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் உட்கார்ந்து அத்தனை சாவியையும் மாற்றினேன். ஸ்டிக்கரைப் பெட்டியின் மேல் மூடியிலேயே ஒட்டி அனுப்பும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். வந்ததும் முதல் வேலையாக அதை உரித்து நோட்டில் ஒட்டி, நோட்டை பீரோவில் வையுங்கள்.

போன இதழில் "கேட்வேயைத் திருடினால் எல்லாச் சாவியும் போச்சு" என்று எழுதியிருந்தீர்கள். லோராவானில் கேட்வேயிடம் சாவியே கிடையாதே?
*வாசகர், சேலம்*

தப்புதான். கேட்வே தபால்காரர் மாதிரி. உறையை வாங்கிக் கொடுக்கும், பிரிக்காது. சாவிகள் சர்வரில் இருக்கின்றன. நான் பழகிய சின்னப் பெட்டிகளில் கேட்வேயும் சர்வரும் ஒன்றாகவே இருக்கும், அதை மனதில் வைத்துப் பொதுவாக எழுதிவிட்டேன். அந்த வகைப் பெட்டியைத் திருடினால் மட்டும் நான் எழுதியது பொருந்தும். திருத்தியதற்கு நன்றி.

ரேடியோவை இரைச்சலால் அடைக்கும் ஜாமரை யாராவது வைத்துவிட்டால் என்ன செய்வது?
*பெயர் எழுதாத வாசகர்*

மறைகுறியால் ஒன்றும் செய்ய முடியாது. தனியாள் ஜாமர் வைத்திருக்க சட்டத்தில் அனுமதி இல்லை, போலீஸுக்குப் போகலாம். அதற்கு முன், ஒரு மணி நேரம் செய்தி வராவிட்டால் வால்வு தானாக மூடிக்கொள்ளும்படி அமைத்து வையுங்கள்.

2024 பொங்கலன்று ஒன்பது சென்சார்கள் பொருத்தினோம். பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி. ஒரு பழுதும் இல்லை. 2025 சித்திரை முதல் தேதி மதியத்திலிருந்து சாயங்காலத்துக்குள் ஒன்பதும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன, பேட்டரி நன்றாக இருந்தும். இரண்டு நாள் கழித்து பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள், சரியாகிவிட்டது. யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று என் மகன் சொல்கிறான்.
*தோட்டக்காரர், ஒட்டன்சத்திரம்*

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கால்குலேட்டரை எடுத்தேன். நாளைக்கு 144 செய்தி. 2024 பொங்கல் ஜனவரி 15, 2025 சித்திரை ஒன்று ஏப்ரல் 14. நடுவில் 455 நாள். பெருக்கினால் 65,520.

16 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 65,536.

லோராவானில் வரிசை எண் 32 பிட் நீளம் வரை போகலாம். காற்றில் போவது அதன் கடைசி 16 பிட் மட்டும்; மேல் பாதியை சர்வர் தானே கணித்துக்கொள்ளும். உங்கள் சென்சாரின் பர்ம்வேர் 16 பிட்டோடு நின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். 65,535 முடிந்ததும் சென்சார் பூஜ்யம் என்கிறது, சர்வர் 65,536 என்று எடுத்துக்கொள்கிறது. முத்திரையை இரண்டு பேரும் வெவ்வேறு எண்ணை வைத்துக் கணக்கிடுகிறார்கள், பொருந்தவில்லை, சர்வர் கதவைச் சாத்திவிட்டது. துல்லியமாகச் சொன்னால் 455 நாளும் 2 மணி 40 நிமிடமும். காலை பத்து மணிக்கு மாட்டியது மதியம் பன்னிரண்டே முக்கால் வாக்கில் நிற்கும், கடிகாரம் கொஞ்சம் முன்பின் ஓடினாலும். ஒன்பதும் எந்த வரிசையில் மாட்டினீர்களோ அதே வரிசையில் நின்றதா என்று மகனிடம் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் புது அறிமுகம், புதுச் சாவி, எண் பூஜ்யம். அதனால்தான் சரியானது.

சர்வரில் "16 பிட்" என்று மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே சாவியில் அதே எண்கள் திரும்ப வரும், ஆனைமலைக்காரருக்குச் சொன்ன அந்த 57 கதைதான். பர்ம்வேரை 32 பிட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் வருடத்துக்கு ஒருமுறை சென்சாரைப் புதிதாகச் சேர விடுங்கள்.

நீங்கள் ஏப்ரல் 16 அன்று மறுபடி மாட்டியதாகக் கணக்கு. அப்படியென்றால் அடுத்தது 2026 ஜூலை 15 வாக்கில், ஆடி பிறப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால். காலண்டரில் குறித்து வையுங்கள்.